சிற்றலைப் பெட்டியும் குமரிக் காற்றும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கையடக்கச் சிற்றலை (ஷார்ட்வேவ்) வானொலிப் பெட்டி பற்றிக் கன்னியாகுமரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஒரே சந்தேகத்தைப் பலர் எழுதியிருந்தால், ஒரே கேள்வியாகச் சேர்த்து ஓர் ஊரின் பெயரில் கொடுத்திருக்கிறோம்.

புதிதாக ஒரு டிஜிட்டல் சிற்றலைப் பெட்டி வாங்கினேன். காலை பதினோரு மணிக்கு 49 மீட்டர், 41 மீட்டர் பட்டைகள் இரண்டிலும் தேடினேன். வெறும் 'உஸ்' சத்தம்தான். திருப்பிக் கொடுத்துவிடலாமா? — தக்கலை

வேண்டாம். பெட்டியில் குறையில்லை, தேடிய நேரம்தான் பொருந்தவில்லை. சிற்றலை, வானத்தில் உயரே உள்ள, மின்னேற்றம் பெற்ற காற்றடுக்கான அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பித்தான் தூர தேசத்துக் குரலை நம்மிடம் கொண்டுவருகிறது. அப்படித் திருப்பி அனுப்பும் அடுக்கு 200 கிலோமீட்டருக்கும் மேலே இருக்கிறது. அதற்குக் கீழே, 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில், வெயில் உள்ளபோது மட்டும் இன்னொரு அடுக்கு உருவாகும். இது அலையைத் திருப்பாது, உறிஞ்சிவிடும். அதிர்வெண் எவ்வளவு குறைவோ அவ்வளவு அதிகமாக உறிஞ்சும். அதனால்தான் பகலில் 49, 41 மீட்டர்களில் தூரத்து நிலையம் வந்து சேர்வதில்லை. பொழுது சாய்ந்ததும் அந்தக் கீழடுக்கு கரைந்துவிடும். அதே பெட்டியை அதே இடத்தில் வைத்து இரவு ஏழரைக்குத் தேடிப் பாருங்கள்.

பகலுக்குப் பெரிய கிலோஹெர்ட்ஸ் எண், இரவுக்குச் சின்ன எண் என்று நினைவில் வையுங்கள். காலை பத்து முதல் மாலை நாலு வரை 19 மீட்டர் (15100–15800 கிலோஹெர்ட்ஸ்), 16 மீட்டர் (17480–17900) நல்லது. சூரியப் புள்ளிகள் அதிகமுள்ள ஆண்டுகளில் 13 மீட்டரும் (21450–21850) திறந்துகொள்ளும். மாலையிலும் அதிகாலையிலும் 25 மீட்டர் (11600–12100), 31 மீட்டர் (9400–9900). இருட்டிய பிறகு 41 மீட்டர் (7200–7450), 49 மீட்டர் (5900–6200). முதன்முதலாகக் கேட்பவர்கள் 31 மீட்டரிலிருந்து தொடங்கலாம், அங்கே மாலை தொடங்கிக் காலை வரை ஏதாவது ஒரு குரல் இருக்கும். மீட்டரும் கிலோஹெர்ட்ஸும் ஒன்றுக்கொன்று தலைகீழ்: 300000-ஐக் கிலோஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டர் கிடைக்கும். 9600 என்றால் 31.25 மீட்டர்.

எங்கள் கணிப்பில் ஒரு நாளின் சிறந்த நேரம், சூரியன் மறைவதற்கு அரை மணி முன்பிருந்து மறைந்து ஒரு மணி நேரம் வரை. குமரி முனையில் டிசம்பரில் ஆறு மணியை ஒட்டியும் ஜூனில் ஆறு நாற்பதை ஒட்டியும் சூரியன் மறைகிறது. அந்த நேரத்தில் பகல் பட்டையும் இரவுப் பட்டையும் சேர்ந்தே உயிரோடு இருக்கும்.

பெட்டியோடு வரும் இழுப்புக் கம்பியை (நீட்டி மடக்கும் ஏரியல்) முழுதாக இழுத்துவிட்டுத்தான் சிற்றலையைத் தேட வேண்டும். தானியங்கித் தேடலை வீட்டுக்குள் வைத்து ஓடவிட்டால் இரைச்சலையும் நிலையம் என்று எண்ணிப் பதிவு செய்துவிடும். முற்றத்துக்கோ மொட்டைமாடிக்கோ கொண்டுபோய் 5 கிலோஹெர்ட்ஸ் படியில் கையால் நகர்த்துங்கள். கிடைத்ததை நேரத்தோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பத்து நாளில் உங்கள் வீட்டுக்கென்றே ஓர் அட்டவணை உருவாகிவிடும்.

ஒலிபரப்பு அட்டவணையில் 1330 என்று போட்டிருக்கிறது. மதியம் ஒன்றரைக்குத் தேடினால் எதுவும் இல்லை. ஏன்? — குளச்சல், மாணவி

அது நம் நேரம் இல்லை. சிற்றலை அட்டவணைகள் எல்லாம் உலகப் பொது நேரமான யூ.டி.சி.யில் இருக்கும். அதோடு ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும். 1330 என்றால் நமக்கு இரவு ஏழு மணி. கிழமையும் மாறும்: சனிக்கிழமை 2000 யூ.டி.சி. என்பது நமக்கு ஞாயிறு அதிகாலை ஒன்றரை. பெட்டியில் இரண்டு கடிகாரம் இருந்தால் ஒன்றை யூ.டி.சி.க்கு ஒதுக்கிவிடுங்கள்.

இன்னொன்று: மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் உலக நிலையங்கள் அலைவரிசை மாற்றும் நாள்கள். பிப்ரவரியில் எழுதி வைத்த எண்ணை ஏப்ரலில் நம்ப முடியாது.

மார்த்தாண்டம் டவுனுக்குள் வீடு. எந்தப் பட்டைக்குப் போனாலும் ஒரே 'கொர்ர்'. ஏரியலைப் பெரிதாக்கினால் சரியாகுமா? — மார்த்தாண்டம்

ஆகாது. ஏரியல் நிலையத்தையும் இரைச்சலையும் ஒன்றாகவே பிடிக்கும். பெரிதாக்கினால் இரண்டும் கூடும். முதலில் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள். ஓர் அந்திப் பொழுது இதற்குப் போதும்.

பெட்டியை அடாப்டரில் இருந்து கழற்றி பேட்டரியில் ஓட்டுங்கள். பாதிப் பேருக்கு இங்கேயே விடை கிடைத்துவிடும், ஏனென்றால் மலிவு அடாப்டர்களும் கைப்பேசி சார்ஜர்களும் சிற்றலை முழுக்க இரைச்சலைத் தூவுகின்றன. இரைச்சல் போகாவிட்டால், நிலையம் இல்லாத ஒரு வெற்று இடத்தில், உதாரணமாக 10500 கிலோஹெர்ட்ஸில், பெட்டியை நிறுத்திவிட்டு வீட்டு மெயின் சுவிட்சை அணையுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் அதன் பொத்தானில் அணைக்க வேண்டும். இதைப் பலர் மறந்துவிட்டு, 'மெயினை அணைத்தும் சத்தம் இருக்கிறது' என்று எழுதுகிறார்கள். அமைதியாகிவிட்டால் குற்றவாளி வீட்டுக்குள்தான். மெயினைப் போட்டு, எம்.சி.பி.களை, அதாவது மெயின் பெட்டியில் உள்ள தனித்தனி சுவிட்சுகளை, ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது 'கொர்ர்' திரும்புகிறதோ, அந்த இணைப்பில் உள்ள பிளக்குகளை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள்.

நமக்கு வரும் கடிதங்களின்படி அடிக்கடி சிக்குபவை: விலை குறைந்த எல்.இ.டி. பல்பு, செட்டாப் பாக்ஸின் அடாப்டர், வைஃபை பெட்டியின் அடாப்டர், மாடியில் உள்ள சோலார் சார்ஜ் கன்ட்ரோலர், ஃபேன் ரெகுலேட்டர். பல்பை வேறு தயாரிப்புக்கு மாற்றினாலே தீர்ந்துவிடும். மாற்ற முடியாத அடாப்டராக இருந்தால், அதன் ஒயரை ஃபெரைட் (இரும்பு கலந்த கறுப்புக் காந்தப் பீங்கான்) வளையத்தில் ஐந்தாறு சுற்றுச் சுற்றுங்கள். வளையத்தை அடாப்டரை ஒட்டி வைக்க வேண்டும், ஒயரின் நடுவில் அல்ல. கம்பியில் வழியும் இரைச்சலை அது தடுக்கும்.

கான்கிரீட் கூரைக்கு மேல் தகர ஷீட்டும் போட்ட வீடுகள் நம் ஊரில் ஏராளம். அந்த வீட்டு நடு அறையில் நிலையம் வலுவிழந்து, இரைச்சல் மட்டும் மிஞ்சும். ஜன்னல் ஓரம் இரண்டு மீட்டர் நகர்த்தி வைத்தாலே வித்தியாசம் தெரியும்.

எங்கள் வீட்டு மெயினை அணைத்தும் இரைச்சல் நிற்கவில்லை. தெருவுக்கே கரண்டு போனால் மட்டும் நிற்கிறது. நல்ல மழை பெய்த மறுநாளும் இருப்பதில்லை. — ராஜாக்கமங்கலம்

கடிதத்திலேயே விடை இருக்கிறது. கடலோர மின்கம்பங்களில் உள்ள பீங்கான் இன்சுலேட்டர்கள் மேல் உப்பு படிகிறது. இரவுப் பனியில் அது ஈரமாகும்போது மேற்பரப்பில் மெல்லிய மின்கசிவும் சிறு பொறிகளும் உண்டாகும். பொறி ஒவ்வொன்றும் ஒரு குட்டி ஒலிபரப்பு நிலையம் மாதிரி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பொறி நொடிக்கு நூறு முறை எழும், அதுதான் அந்தக் கனத்த 'கர்ர்'. பெருமழை உப்பைக் கழுவிவிடுவதால் மறுநாள் அமைதி.

எந்தக் கம்பம் என்று அறிய, பெட்டியை மத்திய அலையில் (மீடியம் வேவ்) வெற்று இடத்தில் வைத்துக்கொண்டு தெருவில் நடங்கள். சத்தம் ஏறும் திசையில் போய், இழுப்புக் கம்பியைச் சுருக்கிக்கொண்டே சிற்றலையில், முடிந்தால் 20 மெகாஹெர்ட்ஸுக்கு மேல், மறுபடி சோதியுங்கள். அதிர்வெண் ஏற ஏற இரைச்சல் பரவும் தூரம் குறையும், கடைசியில் ஒரே கம்பத்தடியில் வந்து நிற்பீர்கள். கம்ப எண்ணைக் குறித்து மின்வாரிய அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள். பொறி தெறிக்கும் இன்சுலேட்டர் என்பது அவர்களும் கவனிக்க வேண்டிய பழுது. கம்பத்தைத் தட்டுவது, கம்பத்தைத் தாங்கும் ஸ்டே கம்பியை ஆட்டிப் பார்ப்பது இரண்டும் உயிருக்கு ஆபத்து. செய்யவே கூடாது.

வீட்டைச் சுற்றித் தென்னையும் ரப்பரும் இருக்கிறது. வெளியே கம்பி ஏரியல் கட்டுவது எப்படி? எவ்வளவு நீளம்? — அருமனை

கையடக்கப் பெட்டிக்கு 8 முதல் 10 மீட்டர் போதும். அதற்கு மேல் நீட்டினால் அடுத்த கேள்வியில் வரும் தொல்லை ஆரம்பிக்கும். 1 சதுர மில்லிமீட்டர் பல இழைத் தாமிர ஒயர் வாங்குங்கள். பிளாஸ்டிக் உறையை உரிக்க வேண்டாம், அலை அதைத் தாண்டி வரும், உறை மழைக்கும் காவல். உயரம் தரையிலிருந்து 4 முதல் 6 மீட்டர் இருந்தால் நல்லது.

இரு முனையிலும் இன்சுலேட்டர் வேண்டும். முட்டை வடிவப் பீங்கான் கிடைக்காவிட்டால் 10 சென்டிமீட்டர் பி.வி.சி. குழாய்த் துண்டில் இரண்டு துளை போட்டு, ஒரு துளையில் ஒயர், மறு துளையில் நைலான் கயிறு. தென்னை காற்றில் ஆடும் மரம். கம்பியை விறைப்பாகக் கட்டினால் ஆடி மாதக் காற்றில் அறுந்துவிடும். மரத்துப் பக்கம் ஒரு சின்னக் கப்பி கட்டி, கயிற்றை அதன் வழியாக விட்டு, கீழ் முனையில் இரண்டு மூன்று கிலோ எடையுள்ள ஒரு செங்கலைத் தொங்கவிடுங்கள். மரம் சாயும்போது செங்கல் ஏறும், நிமிரும்போது இறங்கும், கம்பி ஒரே இழுப்பில் இருக்கும்.

ஜன்னல் வழியே உள்ளே வரும் இடத்தில் ஒயர் ஒரு வளைவாகக் கீழே தொங்கி, பிறகு மேலேறி நுழைய வேண்டும். அந்த வளைவு இல்லாவிட்டால் மழைத்தண்ணீர் ஒயர் வழியே வழிந்து பெட்டிக்குள் வரும். வெளி ஏரியல் துளை உள்ள பெட்டி என்றால் 3.5 மில்லிமீட்டர் மோனோ பின்னின் முனையில் கம்பியும் உடலில் எர்த்தும் சேருங்கள். துளை இல்லாவிட்டால் இழுப்புக் கம்பியில் ஒரு முதலை கிளிப். அவ்வளவுதான். எர்த்துக்கு ஒன்றரை மீட்டர் ஜி.ஐ. குழாயை ஈரமான இடத்தில் அடித்து இறக்குங்கள். வீட்டு பிளக்கின் எர்த்தில் கொடுக்காதீர்கள், அதில் வீட்டு இரைச்சல் முழுக்க ஓடுகிறது.

வீட்டிலிருந்து இருபது முப்பது மீட்டர் தள்ளிக் கம்பி கட்ட வசதி இருந்தால் இன்னும் சிறப்பு. அங்கிருந்து பழைய கேபிள் டி.வி. ஆர்.ஜி.-6 ஒயரிலேயே கொண்டுவரலாம். ஏரியல் கம்பியும் கேபிளும் சேரும் இடத்தில் 9-க்கு 1 மின்மாற்றி வேண்டும்: எஃப்.டி.140-43 ஃபெரைட் வளையத்தில் மூன்று ஒயர்களைச் சேர்த்துப் பிடித்து 8 அல்லது 9 சுற்று. முதல் ஒயரின் முடிவை இரண்டாவதின் தொடக்கத்தோடும், இரண்டாவதின் முடிவை மூன்றாவதின் தொடக்கத்தோடும் பற்றவையுங்கள். முதல் ஒயரின் தொடக்கம் எர்த்துக்கும் கேபிளின் வெளி உறைக்கும். மூன்றாவதின் முடிவு ஏரியலுக்கு. முதலும் இரண்டும் சேரும் இடம் கேபிளின் நடுக்கம்பிக்கு. மூன்று நிறத்தில் ஒயர் எடுத்தால் தொடக்கமும் முடிவும் குழம்பாது.

இரண்டு எச்சரிக்கை. கம்பி அறுந்து எந்தப் பக்கம் விழுந்தாலும் மின்கம்பியில் படாத இடமாகப் பார்த்துக் கட்டுங்கள். மின்கம்பிக்கு மேலாகவோ கீழாகவோ போகவே கூடாது. அடுத்தது இடி. சித்திரை, வைகாசி மாலைகளிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் நம் மலையடிவாரத்தில் இடி கடுமை. தூரத்தில் முழங்கும்போதே ஏரியலைப் பிடுங்கி வெளியே எர்த்துக் குழாயில் மாட்டிவிடுங்கள். இடி விழாவிட்டாலும் கம்பியில் சேரும் நிலை மின்னூட்டமே பெட்டியின் முதல் டிரான்சிஸ்டரைக் கொன்றுவிடும். பெட்டி திடீரென்று எஃப்.எம். கேட்டு, சிற்றலை மட்டும் செத்துப்போனால் பெரும்பாலும் காரணம் இதுதான். ஏரியலுக்கும் எர்த்துக்கும் இடையே இரண்டு 1என்4148 டயோடுகளை எதிரெதிர் திசையில், கூடவே 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றையும் இணைத்தால் அன்றாட மின்னூட்டம் வடிந்துவிடும். நேரடி இடியை எதுவும் தடுக்காது.

பதினைந்து மீட்டர் கம்பி போட்டதும் ஒரே நிலையம் நாலைந்து இடத்தில் கேட்கிறது. மத்திய அலைப் பாட்டு சிற்றலைக்குள் வருகிறது. — குலசேகரம்

பெட்டிக்குத் தாங்கவில்லை. கையடக்கப் பெட்டிகள் தங்கள் இழுப்புக் கம்பிக்கு ஏற்ப வடிவமைக்கப்பட்டவை. 'லோக்கல்–டி.எக்ஸ்' (அருகு–தூரம்) சுவிட்சை லோக்கலுக்குத் தள்ளிப் பாருங்கள். சுவிட்ச் இல்லாவிட்டால் கம்பியைப் பாதியாகக் குறையுங்கள், அல்லது கம்பிக்கும் பெட்டிக்கும் இடையே 47 பிகோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைத் தொடராகப் போடுங்கள். கிளிப்பை உலோகத்தில் கடிக்கவிடாமல், ஒயரை உறையோடு இழுப்புக் கம்பியில் நாலு சுற்றுச் சுற்றினாலும் இதே பலன்தான்.

கம்பியே இல்லாமலும் ஒரு நிலையம் இரண்டு இடத்தில் வந்தால் அது வேறு விஷயம். முள் நகரும் பழைய வகைப் பெட்டிகளின் உள் அதிர்வெண் 455 கிலோஹெர்ட்ஸ். அவற்றில் வலுவான நிலையத்தின் நிழல், அதன் இரு மடங்கான 910 கிலோஹெர்ட்ஸ் தள்ளித் தெரியும். 11800-ல் உள்ள நிலையம் 10890-லும் கேட்டால் பழுதல்ல, அந்த வகையின் இயல்பு. நிழலை அட்டவணையில் தேடி அலையாதீர்கள்.

மாலை ஏழரைக்கு மேல் நல்ல வலுவாக வரும் நிலையத்தின் குரல்கூட நடுநடுங்கி, தண்ணீருக்குள் பேசுவது போல ஆகிறது. மார்ச், ஏப்ரலில் ரொம்ப மோசம். பழுதா? — கன்னியாகுமரி

பழுதில்லை. நம் மாவட்டம் இருக்கும் இடத்தின் குணம் அது. பூமியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிப் போகிறது. இங்கிருந்து வடமேற்கே, திருவனந்தபுரம் அருகே உள்ள தும்பாவை ராக்கெட் ஏவத் தேர்ந்தெடுத்ததும், 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் அங்கிருந்து கிளம்பியதும் இந்தக் கோட்டின் மேல் உள்ள வானத்தை ஆராயத்தான். சூரியன் மறைந்ததும் இந்தக் கோட்டுக்கு மேலே அயனி அடுக்கு வேகமாக மேலெழும்பி, அதற்குள் குமிழி குமிழியாக வெற்றிடங்கள் உண்டாகின்றன. அவற்றைக் கடந்து வரும் அலை சிதறி, குரல் படபடக்கிறது. பகலும் இரவும் சமமாகும் மார்ச்–ஏப்ரல், செப்டம்பர்–அக்டோபர் மாதங்களில் இது உச்சம். பெரும்பாலும் நள்ளிரவுக்கு முன்பே அடங்கிவிடும்.

செய்யக்கூடியது: அதே நிகழ்ச்சி வேறு அலைவரிசையிலும் இருந்தால் அதற்கு மாறுங்கள், படபடப்பு எல்லாப் பட்டையிலும் ஒரே அளவில் இருக்காது. 'சிங்க்' (நிலையத்தின் அலையோடு பெட்டி தானே ஒத்திசையும்) வசதி உள்ள பெட்டி என்றால் போடுங்கள், குரல் உடைவது குறையும். அது இல்லாமல் எஸ்.எஸ்.பி. (ஒற்றைப் பக்கப் பட்டை) வசதி மட்டும் இருந்தால், நிலையத்தைத் துல்லியமாக நிறுத்தி எஸ்.எஸ்.பி.க்கு மாற்றி, கூவல் ஒலி மறையும் வரை நுண்திருகியை நகர்த்துங்கள். ஏற்ற இறக்கம் இருக்கும், ஆனால் சொல் புரியும்.

குமரிக்குச் சாதகமும் உண்டு. உப்புநீர் மிகச் சிறந்த மின்கடத்தி, தாழ்ந்து வரும் அலை கடற்பரப்பில் பட்டு வலுவோடு வரும். மூன்று பக்கமும் கடல். அலை தொடும் இடத்திலிருந்து ஐம்பது மீட்டருக்குள் உட்கார்ந்து வெறும் இழுப்புக் கம்பியோடு ஒரு மாலை கேளுங்கள். பேச்சிப்பாறை பக்கம் வடக்கிலும் கிழக்கிலும் மலை மறைப்பதால் அந்த வசதி இல்லை. ஆனால் ஊர் இரைச்சல் இல்லாத அமைதி அங்கே கிடைக்கும்.

உப்புக் காற்றில் ஆறே மாதத்தில் பேட்டரி ஸ்பிரிங் பச்சை பிடித்துவிட்டது. இழுப்புக் கம்பியும் சொரசொரப்பு. தேங்காய் எண்ணெய் தடவலாமா? — முட்டம்

தடவாதீர்கள். எண்ணெய் மின்தொடர்பைக் கெடுத்து, மணலையும் ஒட்டவைத்து, கம்பியின் கணுக்களை அடைத்துவிடும். கடற்கரையில் கேட்டுவிட்டு வந்ததும் இழுப்புக் கம்பியை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் மறுபடி துடைத்து, பிறகுதான் உள்ளே தள்ள வேண்டும். துடைக்காமல் தள்ளினால் உப்பும் உள்ளே போய்க் கணுவுக்குள் தங்கும். மடக்கும்போது முனையைப் பிடித்து அழுத்தாமல், அடியில் உள்ள தடித்த கணுவிலிருந்து ஒவ்வொன்றாக இறக்குங்கள். வளைவது, ஒடிவது எல்லாம் முனையை அழுத்துவதால்தான்.

பச்சைக்கு, பேட்டரியைக் கழற்றிவிட்டு, காது குடையும் பஞ்சுக் குச்சியில் வினிகரைத் தொட்டு ஸ்பிரிங்கை மட்டும் துடையுங்கள். உடனே ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் கழுவித் துடைத்து ஒரு மணி நேரம் காயவிடுங்கள். உள்ளே வழியும்படி ஊற்றக் கூடாது. பச்சை போயும் ஸ்பிரிங் கறுத்து மெலிந்திருந்தால் மாற்றுவதே நல்லது.

ஒரு மாதம் தொடப்போவதில்லை என்றால் பேட்டரியை எடுத்துவிடுங்கள். பெட்டியை மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். நீல மணி உள்ள வகை என்றால், நிறம் மாறியதும் இளஞ்சூட்டில் காயவைத்துத் திரும்பப் பயன்படுத்தலாம். ரீசார்ஜ் செல் ஒன்று 1.2 வோல்ட், சாதாரண செல் 1.5. இரண்டையும் கலந்து போடாதீர்கள். பெட்டியிலேயே சார்ஜ் ஏற்றும் வசதி இருந்தால் சாதாரண செல் போட்டுச் சார்ஜ் ஏற்றவே கூடாது, கசிந்து பெட்டியையே தின்றுவிடும்.

நாங்கள் விசைப்படகில் ஒரு மாதம்வரை ஆழ்கடலில் தங்குகிறோம். சிற்றலைப் பெட்டி இருந்தால் புயல் செய்தி தெரிந்துவிடும்தானே? — தூத்தூர்

இந்தக் கேள்விக்கு மிகக் கவனமாகப் பதில் சொல்கிறோம். பெட்டி உதவும், ஆனால் அதை மட்டும் நம்பிக் கடலுக்குப் போகாதீர்கள். 2017 நவம்பர் இறுதியில் ஓகிப் புயலில் நம் கடற்கரை ஊர்கள் இழந்தது எவ்வளவு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வானொலிப் பெட்டி கேட்க மட்டுமே செய்யும். நீங்கள் தூங்கும்போது அது உங்களை எழுப்பாது.

படகில் வி.எச்.எஃப். கருவி (பேசவும் கேட்கவும் உதவும் கடல் வானொலி) கட்டாயம் இருக்க வேண்டும், அவசர அழைப்புக்கு 16-ஆம் சானல், அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸ். அதன் எல்லை கண்ணுக்கெட்டும் தூரத்தை ஒட்டியதுதான், ஆகவே கூட்டமாகப் போகும் படகுகள் ஒன்றுக்கொன்று செய்தி கடத்த வேண்டும். கரையிலிருந்து வெகுதூரத்துக்கு, செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கையை வாங்கிக் கைப்பேசியில் காட்டும் ஜெமினி கருவி 2019-ல் வந்தது. அதைப் பற்றி மீன்வளத் துறை அலுவலகத்தில் கேளுங்கள்.

இவற்றுக்கு மேல் கூடுதலாகத்தான் வானொலிப் பெட்டி. அதிலும் சிற்றலையைவிட மத்திய அலையே உங்களுக்குப் பயன் அதிகம், ஏனென்றால் உப்புநீர்மேல் மத்திய அலை பகலிலும் வெகுதூரம் தவழ்ந்து வரும். தூத்துக்குடி 1053 கிலோஹெர்ட்ஸ், திருவனந்தபுரம் 1161. கரையில் இருக்கும்போதே கேட்டு உறுதிசெய்து நினைவு எண்களில் பதிந்து வையுங்கள். பெட்டியில் மத்திய அலைப் படி 9 கிலோஹெர்ட்ஸில் இருக்க வேண்டும். 10-ல் இருந்தால் 1053-ல் நிற்காது, 1050-க்கும் 1060-க்கும் தாவும். மத்திய அலைக்கு இழுப்புக் கம்பி வேலை செய்யாது. உள்ளே இருக்கும் ஃபெரைட் தண்டுதான் ஏரியல், ஆகவே பெட்டியையே சுற்றித் திருப்ப வேண்டும். எஞ்சின் டைனமோவின் சிணுங்கல் குறையும் திசை ஒன்று இருக்கும், அங்கே நிறுத்துங்கள். டிஜிட்டல் முறையில் ஒலிபரப்பு நடந்தால் சாதாரணப் பெட்டியில் திற்பரப்பு அருவி கொட்டுவது போன்ற ஓசை மட்டும் வரும், அதைப் பழுது என்று நினைக்க வேண்டாம்.

கடைக்குப் போனால் என்ன பார்த்து வாங்க வேண்டும்? — நாகர்கோவில்

எண்ணை நேரே அழுத்தும் விசைப்பலகை, வெளி ஏரியல் துளை, 1 கிலோஹெர்ட்ஸ் நுண்படி, அலைப்பட்டை அகலத்தைக் குறைக்கும் வசதி, ஊரில் கிடைக்கும் பேட்டரி. இந்த ஐந்தும் இருந்தால் மற்றவை அலங்காரம். ஹாம் (உரிமம் பெற்ற பொழுதுபோக்கு வானொலியாளர்) பேச்சு கேட்க ஆசை இருந்தால் எஸ்.எஸ்.பி. வேண்டும். டெக்சன் பி.எல்.-330, எக்ஸ்.எச்.டேட்டா டி-808 இரண்டிலும் அது உண்டு. பி.எல்.-380-ல் இல்லை. பழைய சோனி ஐ.சி.எஃப்.-எஸ்.டபிள்யூ.7600ஜி.ஆர். நல்ல நிலையில் கிடைத்தால் எஸ்.எஸ்.பி.யும் சிங்க்கும் இருக்கும், ஆனால் உற்பத்தி நின்றுவிட்டதால் உதிரிபாகம் சிரமம். முன்பக்கம் 'பத்து பேண்டு' என்று எழுதி, உள்ளே பாட்டுப்பெட்டியும் டார்ச்சும் சேர்த்து விற்பவற்றை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அவற்றில் முள் மயிரிழை நகர்ந்தால் மூன்று நிலையம் தாண்டிவிடும்.

கடைக்குள் குழல் விளக்குகளுக்கு நடுவே சோதிக்காதீர்கள். ஹெட்ஃபோன் எடுத்துப்போய், அனுமதி கேட்டு வாசலுக்கு வந்து, மாலை ஐந்தரைக்கு மேல் 31 மீட்டரையும் 25 மீட்டரையும் ஓட்டிப் பாருங்கள். ஒலித் திருகியைத் திருப்பும்போது கரகரத்தால் வேண்டாம். இழுப்புக் கம்பியை முழுதாக நீட்டி, படுக்கவைத்தால் தானாக விழாமல் நிற்க வேண்டும்.

என் மாமனார் இலங்கை வானொலியும் பி.பி.சி. தமிழோசையும் கேட்டுப் பழகியவர். அவருக்கு ஒரு பெட்டி வாங்கித் தந்தால் இப்போது தமிழில் என்ன கிடைக்கும்? — தோவாளை

தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு நின்றுவிட்டது, அதை அவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள், தேடி ஏமாற வேண்டாம். 1963-ல் தமிழ் ஒலிபரப்பைத் தொடங்கிய சீன வானொலி, வத்திக்கான் வானொலி, அட்வென்டிஸ்ட் உலக வானொலி ஆகியவற்றின் தமிழ் அலைவரிசைகளை நடப்புப் பருவ அட்டவணையில் பார்த்து, எண்ணையும் நம் நேரத்தையும் பெரிய எழுத்தில் ஓர் அட்டையில் எழுதிப் பெட்டியின் பின்னால் ஒட்டிக் கொடுங்கள். அவருக்குத் தேடும் சிரமம் வேண்டாம், நினைவு எண் 1, 2, 3 என்று அழுத்தினால் போதும்படி பதிந்து தாருங்கள். நாகர்கோவில் வானொலியின் 101 மெகாஹெர்ட்ஸையும் சேர்த்துவிடுங்கள். 1984-ல் தொடங்கிய அதுதான் நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம்.

தை, மாசி மாதங்களில் காற்று அசையாத இரவுகளில், இலங்கைப் பண்பலை நிலையங்கள் நம் கடற்கரையில் தெளிவாகக் கேட்பதுண்டு. கடல்மேல் ஈரக் காற்றின் மீது வெப்பக் காற்று மூடிபோலப் படிந்து, அலையைக் குழாய்க்குள் விட்டதுபோலக் கொண்டுவருகிறது. எஃப்.எம்.மை மெதுவாக ஓட்டினால் மாமனாருக்குப் பழகிய ஈழத் தமிழ் உச்சரிப்பு கிடைக்கும்.

7100 பக்கம் வாத்து கத்துவது போலப் பேச்சு கேட்கிறது. எப்படிப் புரியவைப்பது? — திருவட்டாறு

அவர்கள் ஹாம்கள், எஸ்.எஸ்.பி.யில் பேசுகிறார்கள். 7000 முதல் 7200 கிலோஹெர்ட்ஸ் வரை எல்.எஸ்.பி. (கீழ்ப்பக்கப் பட்டை), 14000 முதல் 14350 வரை யூ.எஸ்.பி. (மேல்பக்கப் பட்டை). 10 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே எல், மேலே யூ என்பது வழக்கம். எல்.எஸ்.பி. போட்டு, நுண்திருகியை மிக மெதுவாக நகர்த்துங்கள். குரல் கீச்சென்று இருந்து கனத்து மனிதக் குரலாகும் இடம் ஒன்று வரும், அங்கே நிற்க வேண்டும். 50 ஹெர்ட்ஸ் தப்பினாலே குரல் மாறும். உள்நாட்டுப் பேச்சுக்கு காலை ஏழு முதல் ஒன்பது வரை நல்ல நேரம். கேட்க உரிமம் தேவையில்லை, பேசத்தான் தேர்வெழுதி உரிமம் வாங்க வேண்டும்.

கேட்ட நிலையத்துக்கு எழுதினால் அட்டை அனுப்புவார்களாமே? — கருங்கல்

ஆம், கியூ.எஸ்.எல். அட்டை, அதாவது நீங்கள் கேட்டதை நிலையம் உறுதிசெய்யும் அட்டை. குறைந்தது இருபது நிமிடம் கேட்டு, தேதி, யூ.டி.சி. நேரம், கிலோஹெர்ட்ஸ், நிகழ்ச்சியில் நிமிடவாரியாக என்ன வந்தது, உங்கள் பெட்டி, ஏரியல், ஊர் எல்லாம் எழுதுங்கள். 'நன்றாக இருந்தது' என்று மட்டும் எழுதினால் நீங்கள் உண்மையில் கேட்டீர்களா என்று அவர்களால் சரிபார்க்க முடியாது. தரத்தைச் சின்போ என்ற ஐந்து எண்ணால் சொல்வார்கள்: வலு, பிற நிலையக் குறுக்கீடு, இரைச்சல், ஏற்ற இறக்கம், மொத்தம். 5 மிக நன்று, 1 மிக மோசம். வலு 4, குறுக்கீடு இல்லை 5, இரைச்சல் 4, மாலைப் படபடப்பு 2 என்றால் மொத்தம் 2 அல்லது 3-க்கு மேல் போட முடியாது, 45422 என்று எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் 55555 போட்டு அனுப்பும் கடிதம் நிலையத்துக்குப் பயன்படாது. தங்கள் அலை குமரி முனையில் எப்படிக் கேட்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் அவர்கள் அட்டை அச்சடிக்கிறார்கள்.